ஈட்டன் கல்லூரி: மாணவர் நலம்

இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரி, மன்னர் ஆறாம் ஹென்றி 1440இல் நிறுவிய ஆண்கள் உறைவிடப் பள்ளி. 13 முதல் 18 வயது வரையுள்ள மாணவர்கள் 25 இல்லங்களில், இல்லத்துக்குச் சுமார் 50 பேராகத் தங்கிப் படிக்கிறார்கள். சேர்ந்த நாளிலிருந்தே ஒவ்வொருவருக்கும் தனி அறை உண்டு.

கவனிப்பு முழுவதும் இல்லத்தைச் சுற்றியே அமைந்தது. இல்லப் பொறுப்பாசிரியர் அதே கட்டடத்தில் குடியிருப்பார். பெற்றோர் எதற்கும் முதலில் பேசுவது அவரிடம்தான். ‘டேம்’ எனப்படும் பெண் பொறுப்பாளர் காய்ச்சல், மாத்திரை, துணிமணி, சாப்பாடு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறார். முற்காலத்தில் ஊருக்குள் விடுதி நடத்திய பெண்களின் வழிவந்த பதவி இது. பதவிப் படிநிலையில் சிறியதாகத் தெரிந்தாலும் காரியத்தில் பெரியது: வீட்டு நினைப்பில் வாடும் பையன் ஆசிரியரிடம் சொல்லாததை, தலைவலி மாத்திரை கேட்கும் சாக்கில் இவரிடம் சொல்லிவிடக்கூடும். படிப்பைக் கவனிக்கத் தனியே ஒரு வழிகாட்டி ஆசிரியரும் உண்டு.

பழைய காலம் இப்படி இருக்கவில்லை. இளையவர்கள் மூத்தவர்களுக்கு ரொட்டி வாட்டித் தந்து எடுபிடி வேலை செய்தார்கள்; மூத்த மாணவர்களே பிரம்பும் எடுத்தார்கள். அந்த வழக்கங்கள் 20ஆம் நூற்றாண்டில் மறைந்தன. உறைவிட மாணவர் நலனைப் பள்ளியின் சட்டக் கடமையாக்கியது 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம். இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் பிரம்படி சட்டப்படி ஒழிந்தது 1999இல்.