"சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் இந்த வேலை?"



கடந்த மாதம் எங்கள் பாடசாலையின் தரம் 10 மாணவர்கள் சிலர் ஒரு கடிதம் எழுதி, பாடசாலைக்கு அருகிலுள்ள நான்கு கடைகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பாடசாலை விடும் நேரத்தில் சிகரட் விற்க வேண்டாம், கடை வாசலில் நின்று புகைக்க யாரையும் விட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு கடைக்கார நானாமார் உடனே சரி என்றார்கள். மற்ற இருவரும் முறைப்பாட்டோடு வந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் சிலரும் எங்களிடம் கேட்டார்கள்: "சேர், சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் இந்த வேலை? படிக்கச் சொல்லுங்களேன்."

நியாயமான கேள்விதான். இதே கேள்விக்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பிள்ளைகள் 1998 இல் ஒரு பதில் சொன்னார்கள். அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுப்போம்.

புகைபிடித்து நோயாளியான ஏழைகளின் வைத்தியச் செலவை அரசாங்கம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டு, 1995 இல் புளோரிடா மாநிலம் சிகரட் கம்பனிகள் மீது வழக்குப் போட்டது. 1997 ஓகஸ்டில் கம்பனிகள் இணக்கத்துக்கு வந்தன. 11.3 பில்லியன் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. அதில் 200 மில்லியன் டொலர், பிள்ளைகளைப் புகையிலையிலிருந்து காக்கும் இரண்டு வருடத் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது.

அக்காலத்தில் கம்பனிகளின் உள் ஆவணங்களும் ஒவ்வொன்றாக வெளிவந்துகொண்டிருந்தன. 1984 இல் ஒரு பெரிய கம்பனிக்குள் எழுதப்பட்ட அறிக்கை, புகைப்பதை விடுபவர்களுக்கும் இறந்துபோகிறவர்களுக்கும் பதிலாக வரக்கூடியவர்கள் இளையவர்கள் மட்டுமே என்று கணக்குப் போட்டிருந்தது. அதே கம்பனியின் ஒட்டகக் கார்ட்டூன் விளம்பரத்தை ஆறு வயதுப் பிள்ளைகள் மிக்கி மவுஸை அடையாளம் காணும் அளவுக்கே அடையாளம் கண்டார்கள் என்று 1991 இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆக, "சின்னப் பிள்ளைகளுக்கு ஏன் இந்த வேலை" என்ற கேள்வி கம்பனிக்கு வரவே இல்லை. அது சின்னப் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அதுவரை பெரியவர்கள் செய்தது நாம் இன்று செய்வதைத்தான். "புகைக்காதே, புற்றுநோய் வரும்" என்று சுவரொட்டி ஒட்டினார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஐம்பது வயதில் வரும் நோய் பெரிதாகத் தெரியாது. பெரியவர்கள் வேண்டாம் என்றதாலேயே செய்து பார்க்கும் வயது அது. இதை வகுப்பில் தினமும் காணும் எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

புளோரிடா வேறு வழியில் போனது. 1998 மார்ச் இறுதியில் ஆளுநர் லோட்டன் சைல்ஸின் அரசாங்கம் நூற்றுக்கணக்கான மாணவர்களை ஒரு மாநாட்டுக்கு அழைத்து, "என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டது. அங்கே பிறந்ததுதான் 'ஸ்வாட்' என்ற மாணவர் அமைப்பு. புகையிலைக்கு எதிராக உழைக்கும் மாணவர்கள் என்பது அதன் பொருள். பிரசாரத்துக்கு 'ட்ரூத்', அதாவது 'உண்மை', என்று பெயர் வைத்தார்கள். "புகைக்காதே" என்று அவர்கள் உபதேசம் செய்யவில்லை. "உங்களை வைத்து யார் காசு பார்க்கிறார்கள் தெரியுமா?" என்று தங்கள் வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். மாநிலத்தின் 67 மாவட்டங்களிலும் கிளைகள் தொடங்கினார்கள்.

1998 முதல் 2000 வரையான இரண்டு வருடங்களில், புகைக்கும் மாணவர்களின் வீதம் 6 முதல் 8 வரையான வகுப்புகளில் 18.5 இலிருந்து 11.1 ஆகக் குறைந்தது. அதற்கு மேலான வகுப்புகளில் 27.4 இலிருந்து 22.6 ஆனது.

ஆனால் பெரியவர்கள் கைவிட்டார்கள். சைல்ஸ் 1998 டிசம்பரில் காலமானார். அடுத்த வருடமே சட்டமன்றம் இந்தத் திட்டத்தின் பணத்தை வெட்டத் தொடங்கியது. 2003 ஆகும்போது ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. மக்கள்தான் மீட்டார்கள். 2002 இல் மூடிய வேலைத்தலங்களில் புகைத்தலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 71 வீதமானோர் வாக்களித்தனர். 2006 இல் இன்னொரு வாக்கெடுப்பில், பிள்ளைகளுக்கான திட்டத்துக்கு மீண்டும் பணம் ஒதுக்க வைத்தனர்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். சட்டத்தில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். 2006 இன் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிகரட் விற்பது குற்றம். மூடிய பொது இடங்களில் புகைப்பதும் குற்றம். விளம்பரமும் அனுசரணையும் தடை. பெட்டியில் எச்சரிக்கைப் படம் 80 வீதம் இருக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொன்னபோது கம்பனி நீதிமன்றம் போனது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 50 முதல் 60 வீதமாகக் குறைத்தது. 2015 இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 வீதத்தைக் கொண்டுவந்தது.

அவ்வளவு போராடி வாங்கிய படம் பெட்டியில் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளை வாங்குவதோ ஒற்றைச் சிகரட். அவனுக்குப் பெட்டியும் தெரியாது, படமும் தெரியாது. சட்டம் கடை வாசலில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் போகக்கூடியவர்கள் கடைக்கார நானாவும், வாப்பாவும், நாமும்தான். அந்தக் கடிதத்தோடு போன பிள்ளைகளும்தான்.

கடைக்காரர்களின் கஷ்டம் எங்களுக்கும் தெரியும். சிகரட் வாங்க வருபவன் தேநீரும் குடிப்பான், பிஸ்கட்டும் வாங்குவான். அந்த வியாபாரம் குறையும் என்ற பயம் பொய்யல்ல. அதனால் சரி என்ற இரு கடைகளிலும் நாங்கள் ஆசிரியர்கள் இந்த மாதம் முழுவதும் தேநீர் குடிக்கிறோம். பெற்றோரும் அங்கே சாமான் வாங்கினால் மற்ற இருவருக்கும் மனம் வரும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இந்த விடயம் பேசப்படவிருக்கிறது. கடிதம் எழுதிய பிள்ளைகளில் இருவரையும் பேச விடுமாறு கேட்டிருக்கிறோம். பெரியவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: அவர்களை இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். ஒரு தீர்மானம் எடுத்தால் அடுத்த வருடமும் அதை நினைவில் வைத்திருங்கள். புளோரிடாவில் பிள்ளைகள் தளரவில்லை, பெரியவர்கள்தான் தளர்ந்தார்கள்.

இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை சந்திப்போம்.