ஈயத்துக்குக் கட்டம் இல்லாத அட்டை

மத்திய அரசு 2015-ல் கொண்டுவந்த மண்வள அட்டையில் 12 விவரங்கள் உண்டு. கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமக் கார்பன், தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். காட்டுமன்னார்கோயில் நெல் வயலிலிருந்து மண் வந்தாலும் இந்த 12தான், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய காரைக்காட்டிலிருந்து வந்தாலும் இதே 12தான். ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் எதற்கும் கட்டம் கிடையாது. சிதம்பரத்தில் பல வருஷம் மண் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். யாரோ மறதியில் விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தொழில் பிறந்து வளர்ந்த விதம் அப்படி.

1850 வாக்கில் இங்கிலாந்தில் தாமஸ் வே என்ற வேதியியலாளர் ஒரு குழாயில் மண்ணை நிரப்பி, மேலிருந்து அம்மோனிய உப்புக் கரைசலை ஊற்றினார். கீழே வடிந்ததில் அம்மோனியம் இல்லை, சுண்ணாம்பு உப்பு இருந்தது. களிமண் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை விட்டிருந்தது. போட்ட உரம் மழையோடு ஓடிவிடாமல் வயலில் நிற்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. வேக்குப் பின் அவர் இடத்துக்கு வந்தவர் அகஸ்டஸ் வோல்க்கர். அவர் மகன் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர்தான் 1889-ல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, ஊர் ஊராகச் சுற்றி, 1893-ல் அறிக்கை வெளியிட்டார். இந்திய உழவனுக்கு நாம் சொல்லித்தர அதிகமில்லை, அவனிடம் குறைவது எருதான், சாணத்தை அடுப்பில் எரித்துவிடுகிறான் என்பது அதன் சாரம். ஆக, முதல் நாளிலிருந்தே எங்கள் கேள்வி ஒன்றுதான்: மண்ணில் என்ன குறைகிறது?

அந்தக் கேள்விக்குள்ளேயே பிரமாதமான வேலைகள் நடந்தன. எனக்கு மிகவும் பிடித்தது கோயம்புத்தூரில் நடந்தது. அரசு வேளாண் வேதியியலாளர் ஹாரிசனும் பி.ஏ. சுப்பிரமணிய ஐயரும் நெல் வயல் சேற்றிலிருந்து குமிழி விடும் வாயுக்களைப் பிடித்துப் பகுத்து, 1913 முதல் தொடராக வெளியிட்டார்கள். சேற்றுக்குள் ஆக்சிஜனே இல்லை, பெரும்பாலும் மீத்தேனும் நைட்ரஜனும்தான். அப்படியிருக்க நெல்லின் வேர் எப்படிப் பிழைக்கிறது? சேற்றின் மேல் படியும் பாசிப் படலம் ஆக்சிஜன் தருகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். பருவநிலை மாற்றத்துக்காக நெல் வயல் மீத்தேனை அளக்கும் இன்றைய ஆய்வாளர்களும் அந்தப் பெயர்களை மேற்கோள் காட்டுகிறார்கள். நம் மாணவர்களில் பலருக்கு ஐயரைத் தெரியாது; அது வேறு கதை.

1955-56-ல் அமெரிக்க ஒத்துழைப்போடு மண் பரிசோதனை நிலையங்கள் வந்தன. 1956-ல் சுப்பையாவும் அசிஜாவும் தழைச்சத்தை அளக்க எளிய முறை கொடுத்தார்கள். பசுமைப் புரட்சி வந்தது, துத்தநாகப் பற்றாக்குறை வந்தது, ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் போடச் சொன்னோம்.

எண்பதுகளில் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே சிப்காட் எழுந்தது. பூச்சிமருந்து, சாயம், மருந்து மூலப்பொருள். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் எல்லாம் அதன் வேலியோரம் ஆயின. தாமஸ் வேயின் குழாய் எனக்கு அப்போதுதான் வேறு மாதிரி தெரிந்தது. அம்மோனியத்தைப் பிடித்துவைக்கும் களிமண் ஈயத்தையும் பிடித்துவைக்கும், இன்னும் இறுக்கமாக. எந்தக் குணத்துக்காக மண்ணைப் புகழ்ந்து பாடம் நடத்தினோமோ, அதே குணம்தான் நஞ்சைச் சேர்த்துவைக்கிறது.

உப்பனாறு ஓதம் ஏறி இறங்கும் ஆறு. கடல்நீரிலுள்ள சல்பேட்டை அதன் கறுப்புச் சேற்றில் பாக்டீரியா சல்பைடாக மாற்றும். தாமிரம், ஈயம், காட்மியம் வந்தால் சல்பைடோடு சேர்ந்து கரையாத உருவில் அடங்கிவிடும். தண்ணீரை மட்டும் சோதித்தால் சுத்தமாகத் தெரியலாம். அந்தச் சேற்றைத் தூர்வாரிக் கரையில் கொட்டினால் காற்றுப் பட்டு சல்பைடு கந்தக அமிலமாகும். அடங்கியிருந்த உலோகம் அவிழ்ந்துவரும். அதனால் எவ்வளவு உலோகம் என்பது பாதிக் கேள்விதான். எதோடு ஒட்டியிருக்கிறது என்பதுதான் மீதி. 1979-ல் டெஸியர் குழுவினர் கனடாவில் சொன்ன ஐந்து படிப் பகுப்பு அதற்குத்தான். நாள் கணக்கில் ஆகும் வேலை, அட்டையில் அடங்காது.

ஒரு பெரியவர் தன் அட்டையை நீட்டிக் கேட்டார்: "எவ்ளோ யூரியா போடணும்னு எழுதியிருக்கு சார். இந்த போர்த் தண்ணிய விடலாமா வேணாமான்னு எங்க எழுதியிருக்கு?" "அது வேற டெஸ்ட் ஐயா" என்றேன். "அத யாரு எடுப்பாங்க?" என்றார்.

அந்த வேறு சோதனையை, காற்றைப் பொறுத்தவரை, ஊர்க்காரர்களே எடுத்தார்கள். சிப்காட் சுற்றுவட்டார மக்கள் கண்காணிப்புக் குழு எந்த நேரம், எந்தப் பக்கக் காற்று, என்ன நாற்றம் என்று குறித்துவைத்தது. மூடிய பக்கெட்டுக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பியது. 2004-ல் வந்த அறிக்கை 22 நச்சு வேதிப்பொருட்களைப் பட்டியலிட்டது. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதிப்பீட்டில் கடலூருக்கு 77.45 புள்ளி. 70-ஐத் தாண்டினால் கடுமையாக மாசடைந்த பகுதி. பட்டம் பெற்ற நாங்கள் அப்போதும் தழை, மணி, சாம்பல் என்று எண்ணிக்கொண்டிருந்தோம் என்றால் அது மிகையில்லை.

எங்கள் ஆய்வக மேஜையும் அப்படியொன்றும் சுத்தமில்லை. கரிமக் கார்பனுக்கு வாக்லி-பிளாக் முறை, 1934-லிருந்து அதேதான். மாதிரிக்கு 10 மில்லி பொட்டாசியம் டைக்ரோமேட், கூடவே அடர் கந்தக அமிலம். கணக்குப் போட்டால் ஒரு மாதிரிக்குச் சுமார் 170 மில்லிகிராம் குரோமியம். டைட்ரேஷன் முடிந்து பச்சை நிறம் வரும்போது அது நஞ்சு குறைந்த மூவிணைதிறன் குரோமியமாகிவிடும், உண்மைதான். ஆனால் 1,000 மாதிரிக்கு 170 கிராம்; அமிலத்தோடு சிங்க்கில் போனால் எங்கே போகும் என்று மாணவர்களையே கேட்பேன். தனிக் கேன் வைத்து அதில் ஊற்றச் சொன்னேன். கேன் நிறைந்ததும் அடுத்த கேள்வி வந்தது: இதை எங்கே அனுப்புவது? அபாயகரமான கழிவைப் புதைக்கும் தளம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, அங்குள்ள சிப்காட் வளாகத்தில்.