‘வரவில்லை’யும் மூன்று துணைவினைகளும்: ஆங்கில எதிர்மறையைக் கற்பிப்பதில் தமிழ் இலக்கணத்தின் இடம்

தமிழ்வழியில் படித்துத் திருச்சிராப்பள்ளிக் கல்லூரிகளுக்கு வரும் மாணவர்களின் ஆங்கில எதிர்மறை வாக்கியங்களில் இரண்டு பிழைகள் மீண்டும் மீண்டும் தென்படுகின்றன. ஒன்று ‘ஹி இஸ் நாட் கம்’. மற்றது ‘ஹி டிட் நாட் கேம்’. தமிழில் சிந்திப்பதால் நேரும் பிழைகள் என்று இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். முதற்பிழைக்குத் தமிழ்ப் பழக்கம் காரணமாகலாம். இரண்டாவதைத் திருத்தும் வழியோ தமிழிலேயே இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எதிர்மறைச் சொல்லில் மூன்று பொருள்கள் இடம் தேடுகின்றன: மறுப்பு, காலம், தன்மை முதலான இடம். பழந்தமிழ் ‘வேண்டேன்’ என்னும் வடிவில் மறுப்பும் தன்மை ஒருமையும் உண்டு, காலம் இல்லை. திருவரங்கத்தைப் பாடும் திருமாலையில் இவ்வடிவம் வருகிறது. மார்கழி அத்யயன உற்சவத்தில் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளின் காதில் இத்தகைய வடிவங்கள் இன்றும் விழுகின்றன. இன்றைய உரைநடையில் இதன் இடத்தைப் பெரும்பாலும் ‘செய்யவில்லை’ போன்ற கூட்டு வடிவங்கள் பிடித்துக்கொண்டன. நான், நீ, அவர்கள் என யார் எழுவாயானாலும் ‘வரவில்லை’ மாறுவதில்லை. இடமும் போயிற்று, காலமும் வெளிப்படவில்லை.

ஆங்கிலமும் இதையொத்த மாற்றத்தைக் கண்டது. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் விவிலியத்தில் ‘ஐ நோ நாட்’ என்ற அமைப்பே இயல்பு. 15ஆம் நூற்றாண்டிலிருந்து பரவிய ‘டூ’ என்னும் துணைவினை, பின்னாளில் எதிர்மறை வாக்கியத்தில் கட்டாயமாயிற்று. காலத்தையும் எழுவாய்க்கு ஏற்ற மாற்றத்தையும் அதுவே சுமக்கிறது. முதன்மை வினை வெறும் வடிவில் நிற்கிறது.

இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. ‘வரவில்லை’ என்பதைப் பிரித்தால் வர + இல்லை. ‘வர’ காலம் காட்டாத எச்சம். ‘வந்தவில்லை’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்வதில்லை. இவ்வகை எதிர்மறையில் முதன்மை வினை காலத்தைக் கழற்றிவிடும் என்ற விதி மாணவருக்குப் பேச்சிலேயே கைவந்த விதி. ‘டிட் நாட்’டுக்குப் பின் ‘கேம்’ ஏன் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் வளரும் பருவத்தில் இதே பிழையைச் செய்கிறார்கள். எனவே பழியைத் தமிழ்மேல் சுமத்துவதற்கில்லை. கற்பவரின் பிழைகள் அவர் உள்ளத்தில் உருவாகும் ஒழுங்கைக் காட்டுகின்றன என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் வாதிட்டது இதற்கும் பொருந்தும்.

துணைவினையைத் தேர்வது அடுத்த சிக்கல். ‘நேற்று வரவில்லை’ என்றால் ‘டிட் நாட்’. ‘இன்னும் வரவில்லை’ என்றால் ‘ஹாஸ் நாட்’. ‘நாளை நான் வரவில்லை’ என்றால் ‘ஆம் நாட்’ என்பதோடு ‘கமிங்’. தமிழில் காலத்தைச் சொல்வது நேற்று, இன்னும், நாளை ஆகிய சொற்களே. ஆகவே மாணவர் ‘இல்லை’க்கு நேர்ச்சொல் தேடக் கூடாது, வாக்கியத்தில் வெளிப்பட்டோ மறைந்தோ நிற்கும் காலச்சொல்லைத் தேட வேண்டும்.

மற்ற வடிவங்களில் தமிழே பாகுபாடு செய்து தருகிறது. ‘வருவதில்லை’ வழக்கத்தை மறுக்கிறது: டூ அல்லது டஸ். ‘வந்ததில்லை’ அனுபவத்தை மறுக்கிறது: ஹாவ் அல்லது ஹாஸ். ‘வரமாட்டான்’ என்பதற்கு வில். ‘வர முடியாது’ என்பதற்குக் கேன். ‘வரக் கூடாது’ தடை. ‘வர வேண்டியதில்லை’ கட்டாயமின்மை. மஸ்ட் நாட், நீட் நாட் ஆகியவற்றின் வேறுபாடு இவ்விரண்டிலும் துலக்கமாக இருக்கிறது. ‘வர வேண்டாம்’ இரு பொருளுக்கும் இடம் தருவதால், அதை முதலில் இவற்றுள் ஒன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதற்பிழைக்கு வருவோம். ‘இது புத்தகம் இல்லை’ என்பதற்கு ‘இஸ் நாட்’ என்று கற்ற மாணவர், எல்லா ‘இல்லை’யையும் அப்படியே பெயர்க்கிறார். தமிழ் வகுப்பில் கற்ற அன்மை, இன்மைப் பாகுபாட்டை இங்கே மீட்க வேண்டும். ‘இது புத்தகம் அன்று’ என்பது அன்மை: ‘இஸ் நாட்’ பொருந்தும். ‘என்னிடம் புத்தகம் இல்லை’ என்பது இன்மை: ‘டூ நாட் ஹாவ்’. ‘அவன் வரவில்லை’ என்பதில் மறுக்கப்படுவது வினை. அங்கே காலம் பார்த்தே துணைவினை அமையும்.

இம்முறைக்கு எல்லை உண்டு. ‘தெரியாது’ வடிவில் ‘வராது’ போல இருந்தாலும் எதிர்காலம் அன்று. ‘டூ நாட் நோ’ என்றே வரும். ‘எனக்குப் புரியவில்லை’ என்பது இப்போதைய நிலையானால் அதற்கும் ‘டூ நாட்’ வேண்டும். உள்ளத்து நிலை காட்டும் இத்தகைய வினைகளைத் தனியே கற்பிப்பதே முறை.

ஆங்கில வகுப்பில் தமிழுக்கு இடம் கொடுத்தால் சரளம் கெடும் என்பது வலுவான மறுப்பு. பேச்சுப் பயிற்சிக்கு அது பொருந்தலாம். ஆனால் விதி விளக்கும் நேரத்தில் தமிழை விலக்குவது, மாணவர் நன்கறிந்த இலக்கணத்தைப் பயனின்றி ஒதுக்குவதாகும். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த தூய வளனார் கல்லூரி முதலாக இந்நகரின் பல கல்லூரிகளில் தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. இரு துறையினரும் கூடி எதிர்மறைக்கு ஒரு பொதுப் பாடம் வகுக்க வேண்டும். அன்மையும் இன்மையும் முதலில், ‘வரவில்லை’யின் மூன்று காலங்கள் அடுத்து, மற்ற வடிவங்கள் அதன்பின் என்ற வரிசையில் அது அமைந்தால், மாணவர் துணைவினையை மனப்பாடத்தால் அன்றிக் காரணத்தால் தேர்வார்.