ஒற்றை ஆசிரியர், பல மொழிகள்: மட்டாஞ்சேரி அங்கன்வாடிகளும் பகிர்ந்த தலைமையும்

பள்ளி நிர்வாகம் பற்றிய ஆய்வுகளில் 'பகிர்ந்த தலைமை' என்னும் கருத்து கடந்த கால் நூற்றாண்டாகச் செல்வாக்குப் பெற்றுவருகிறது. ஜேம்ஸ் ஸ்பில்லேன் 2006இல் எழுதிய நூல் அதற்குத் தெளிவான வடிவம் தந்தது. தலைமையைப் பதவியில் தேடாமல், பலர் கூடிச் செய்யும் வேலையில் தேட வேண்டும் என்பது அவர் வாதம். பல ஆசிரியர்கள் ஒரே கூரையின்கீழ் பணிபுரியும் பள்ளியை மனத்தில் வைத்தே இந்த வாதம் எழுந்தது. நம் அங்கன்வாடியில் இருப்பவர்களோ ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் மட்டுமே. எனவே அங்கே தலைமையை யாருடன் பகிர்வது என்ற கேள்வி முதலில் எழுகிறது. கொச்சியின் மட்டாஞ்சேரியை முன்வைத்து இக்கட்டுரை ஒரு விடை கூறுகிறது: பகிர்வுக்குரிய களம் தனி மையம் அல்ல, பல மையங்களின் பணியாளர்கள் மாதந்தோறும் கூடும் செக்டர் கூட்டம்.

மொழிச் சூழல்

சில சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் மட்டாஞ்சேரியில் மலையாளத்தோடு கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கினி, தமிழ் எனப் பல மொழிகள் வீடுகளில் புழங்குகின்றன. கோவாவிலிருந்து வந்த கௌட சாரஸ்வதர்களும், வணிகத்துக்கு வந்த குஜராத்திகளும் கச்சி மேமன்களும் தலைமுறைகளாக இங்கே வாழ்கிறார்கள். டச்சுக்காரர் காலத்தில் வந்ததாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் சமூகம் அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியில் வாழ்கிறது. அண்மையில் வட மாநிலத் தொழிலாளர் குடும்பங்களும் கொச்சிக்கு வந்து சேர்ந்துள்ளன.

இந்தச் சூழலில் மூன்று வயதுக் குழந்தை மலையாளம் அறியாமலே அங்கன்வாடிக்குள் நுழையக்கூடும். தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைவதே நல்லது என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. ஆனால் ஒரே பணியாளர் ஐந்தாறு மொழிகளை அறிந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமில்லை. தேவையான அறிவு ஒரு மையத்தில் மொத்தமாகக் கிடைக்காது; பல மையங்களில் சிதறிக் கிடக்கும். ஒருவருக்குக் கொங்கணிப் பாட்டு தெரிந்திருக்கலாம், இன்னொருவருக்குத் தமிழ்க் கதை தெரிந்திருக்கலாம். பல சமயம் அந்த அறிவு பணியாளரைவிட, குழந்தைக்குச் சோறூட்டும் உதவியாளரிடம் இருக்கவும் வாய்ப்புண்டு. இதையெல்லாம் ஓரிடத்தில் சேர்க்கும் வழி கூடிக் கற்பதே.

மேலிருந்து இறங்கும் பயிற்சி

அங்கன்வாடிகளை நடத்துவது 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்; அதன் நிர்வாக அமைப்பு இப்படிக் கூடிக் கற்பதற்கு நேர்மாறானது. திட்ட அலுவலர், மேற்பார்வையாளர், பணியாளர், உதவியாளர் எனக் கட்டளை படிப்படியாக இறங்குகிறது. ஒரு மேற்பார்வையாளர் 25 மையங்கள்வரை கவனிக்கிறார். சத்துணவு, தடுப்பூசி, எடைப் பதிவு, 2021இல் வந்த போஷண் டிராக்கர் செயலி ஆகியவற்றின் கணக்குகளைக் கேட்டு முடிப்பதற்கே கூட்ட நேரம் கரைந்துவிடும். 2023 மே மாதம் தொடங்கிய 'போஷண் பீ, படாய் பீ' (ஊட்டச்சத்தோடு கல்வியும்) பயிற்சியும் இதே ஏணியில்தான் இறங்குகிறது. முதலில் அலுவலர்களும் மேற்பார்வையாளர்களும் பயிற்சி பெறுகிறார்கள். பிறகு அவர்கள் பணியாளர்களுக்குக் கற்பிக்கிறார்கள். பாடத்திட்டத்தை எல்லா இடத்துக்கும் கொண்டுசேர்க்க இந்த ஏற்பாடு உதவும். ஆனால் மட்டாஞ்சேரியின் ஒரு தெருவில் பணியாளர் கண்டறிந்தது அடுத்த தெருவை எட்ட இதில் வழியில்லை.

முன்மாதிரிகள்

வழி இல்லாமல் இல்லை. கேரளத்தில் 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி ஆசிரியர்களுக்கான கிளஸ்டர் கூட்டங்களுக்கு வித்திட்டது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பாடத் திட்டமிடும் பழக்கம் அங்கே உருவானது. அதே ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்குக் கற்பிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கன்வாடிப் பணியாளரின் பயிற்சியைப் பள்ளிக் கல்வித் துறையின் கிளஸ்டர் வள மையங்கள் வழிநடத்த வேண்டும், மாதம் ஒரு நேரடி வகுப்பேனும் வேண்டும் என 2020 கொள்கையே சொல்கிறது. ஆக, கொள்கையளவில் கதவு திறந்தே இருக்கிறது.

இத்தாலியின் ரெஜ்ஜியோ எமீலியா நகராட்சிப் பள்ளிகள் இன்னொரு பாடம் தருகின்றன. லோரிஸ் மலாகுட்ஸி வழிநடத்திய அந்த மரபில் ஒரு வகுப்புக்குச் சம நிலையுள்ள இரண்டு ஆசிரியர்கள். அவர்களுடைய வாராந்திரப் பணிநேரத்தில் ஒரு பகுதி கலந்துரையாடலுக்கும் பதிவுகளை ஆராய்வதற்கும் ஒதுக்கப்படுகிறது. அந்த நேரத்துக்கும் ஊதியம் உண்டு. ரெஜ்ஜியோவின் வகுப்பறை அழகை வியப்பவர்கள் இந்த நேர ஒதுக்கீட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

ஓர் எதிர்வாதம்

'தலைமையைப் பகிர்கிறோம்' என்று சொல்லிக் கூலியில்லா வேலையைக் கூட்டுவதுதானே நடக்கும் என ஒருவர் கேட்கலாம். இது புறந்தள்ளக்கூடிய ஐயம் அன்று. அங்கன்வாடிப் பணியாளர் அரசுப் பதவி வகிப்பவர் அல்லர் என 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இன்றும் அவர்கள் பெறுவது மதிப்பூதியமே. எனினும் 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டெனத் தீர்ப்பளித்தது. அவர்கள் வேலையைப் பகுதிநேர வேலையாகக் கருத இயலாது என்றும் சுட்டியது. வேலை முழுநேரம் என்றால், சேர்ந்து கற்கும் நேரமும் அந்த வேலைக்குள் அடங்க வேண்டும்.

அதே ஆண்டு வந்த சக்ஷம் அங்கன்வாடி வழிகாட்டுதல், மேற்பார்வையாளர் பணியிடங்களில் பாதியைப் பணியாளர்களைக் கொண்டும், பணியாளர் இடங்களில் பாதியை உதவியாளர்களைக் கொண்டும் நிரப்பச் சொல்கிறது. தலைமைக்கான தகுதி அடித்தளத்தில் இருப்பதை அரசே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். பதவி உயர்வு வரும்வரை அந்தத் தகுதியைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கக் காரணம் ஏதுமில்லை.

முடிவு

செய்ய வேண்டியவை மூன்று. செக்டர் கூட்டத்தில் பாதி நேரத்தைக் கணக்கிலிருந்து விடுவித்து, அதற்குரிய பொருளைப் பணியாளர்களே முறைவைத்துத் தீர்மானிக்க வேண்டும்; கணக்குக்கான பொறுப்பு மேற்பார்வையாளரிடமே இருக்கட்டும். உதவியாளர்களுக்கும் அந்தப் பாதியில் சம இடம் வேண்டும். கூட்டத்துக்கான தயாரிப்பு நேரத்துக்கு ஊதியம் வேண்டும். மூன்றாவது இல்லையெனில் முதல் இரண்டும் வெறும் சுற்றறிக்கையாகவே முடியும். 1996இன் மக்கள் திட்ட இயக்கத்திலிருந்தே கேரள உள்ளாட்சிகள் அங்கன்வாடிகளுக்குப் பணம் ஒதுக்கிவருகின்றன. கட்டடத்துக்கும் வண்ணப்பூச்சுக்கும் ஒதுக்கும் கொச்சி மாநகராட்சி, ஆசிரியரின் நேரத்துக்கும் ஒதுக்க வேண்டும்.