பாரோமீட்டரைக் கயிறு கட்டி இறக்கிய மாணவர்... பூஜ்ஜியமா, ஃபுல் மார்க்கா? வைரல் கதையின் உண்மை என்ன?

ஒரு பாரோமீட்டரை வைத்து உயரமான கட்டிடத்தின் உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இயற்பியல் தேர்வில் வந்த இந்தக் கேள்விக்கு, பாரோமீட்டரை நீளமான கயிற்றில் கட்டி மொட்டைமாடியிலிருந்து தரை வரை இறக்கணும், பிறகு மேலே இழுத்துக் கயிற்றை அளந்தால் போதும் என்று எழுதினாராம் ஒரு மாணவர். அவர்தான் நோபல் பரிசு வென்ற நீல்ஸ் போர் என்று வாட்ஸ்அப்பில் இந்தக் கதை சுற்றுகிறது. உண்மை என்ன? அந்தப் பதிலுக்கு மார்க் உண்டா?

போர் சொன்னாரா?

இல்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் அலெக்சாண்டர் கலாண்ட்ரா எழுதிய கதை இது. 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் 1968 டிசம்பரில் வெளியானது. அதில் மாணவரின் பெயரே கிடையாது. போர் 1962-லேயே இறந்துவிட்டார். அவர் பெயர் பிற்பாடு ஒட்டவைக்கப்பட்டது.

பிறகு என்ன ஆனது?

திருத்திய ஆசிரியர் பூஜ்ஜியம் போடப் பார்க்கிறார். மாணவரோ முழு மதிப்பெண் கேட்கிறார். பஞ்சாயத்து கலாண்ட்ராவிடம் வருகிறது. இயற்பியல் தெரியும் என்று காட்டும்படி இன்னொரு பதில் எழுத 6 நிமிடம் தருகிறார். 5 நிமிடம் வரை தாள் காலி! பதில் நிறைய இருக்கு, எது நல்லதுன்னுதான் யோசிக்கிறேன் என்கிறார் மாணவர். கடைசியில், பாரோமீட்டரை மேலிருந்து கீழே போட்டு, விழும் நேரத்தைக் கணக்கிடலாம் என்று எழுதுகிறார். ஏறக்குறைய முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது.

அதோடு விடவில்லை. நிழலை அளக்கலாம், ஊசலாக ஆட்டலாம், கட்டிட மேற்பார்வையாளரிடம் உயரத்தைக் கேட்டு பாரோமீட்டரைப் பரிசாகக் கொடுக்கலாம் என்றும் அடுக்குகிறார்!

உடுமலையில் செய்து பார்த்தால்?

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்காகவே உடுமலைப்பேட்டையைச் சுற்றி காற்றாலைகள் நிற்கின்றன. அதில் ஒரு கோபுரம் 75 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

• நிழல் முறை: 30 செ.மீ. பாரோமீட்டரின் நிழல் 20 செ.மீ. அதே நேரத்தில் கோபுரத்தின் நிழல் 50 மீட்டர். அப்போ உயரம் 75 மீட்டர். எளிய விகிதக் கணக்குதான்.

• கீழே போடும் முறை: விழ சுமார் 3.9 விநாடி ஆகும்.

• ஆசிரியர் எதிர்பார்த்த முறை: மேலே போகப் போக காற்றழுத்தம் குறையும். ஆனா 75 மீட்டருக்குப் பாதரசம் இறங்குவது சுமார் 6 மில்லிமீட்டர்தான். அளக்கும்போது 1 மில்லிமீட்டர் தவறினால், உயரம் சுமார் 12 மீட்டர் தவறிவிடும்!

அதாவது, ஆசிரியர் மனதில் இருந்த 'சரியான' விடையைவிடக் கயிறுதான் துல்லியம். காற்றழுத்தத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று கேள்வியில் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் குழப்பமே இல்லை. தவறு மாணவர் மீதல்ல, கேள்வி மீது.

நம்ம ஊரில் கேள்வி தவறானால்?

2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு தொடரப்பட்டது. 'சிறுத்தை' என்று வரவேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று அச்சாகியிருந்ததாகப் புகார். ஒரு கேள்விக்கு 4 வீதம் 196 கருணை மதிப்பெண் வழங்க, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஜூலையில் உத்தரவிட்டது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, பின்னர் உத்தரவையே ரத்தும் செய்தது. தமிழில் எழுதிய மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை.

கலாண்ட்ராவின் மாணவருக்குத் தன் தரப்பைச் சொல்ல தாள் இருந்தது, கேட்க நடுவர் இருந்தார். ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கருப்பாக்கத்தான் இடம்.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

பிளஸ் 2 பொதுத்தேர்வு என்றால் விடைத்தாள் நகல் வாங்கி, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். நீட் போன்ற தேர்வுகளில், தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் குறிப்பிட்ட நாளுக்குள் கட்டணம் செலுத்தி ஆட்சேபம் தெரிவிக்கலாம். கெடு தாண்டினால் வாய்ப்பு போச்சு. மாற்றி யோசித்து எழுதும்போது, எந்தத் தத்துவப்படி என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கயிறு கட்டிய மாணவர் முதலில் எழுதாமல் விட்டது அந்த ஒரு வரியைத்தான்.