மலைநாட்டு அரச காடுகள்: மரமும் நீரும் விறகும்

ஒரு காட்டினை நோக்குவோர் அனைவரும் அதில் ஒன்றையே காண்பதில்லை. மரவணிகன் பலகையையும், பொறியியலாளன் நீரையும், தோட்டத்துரை இன்னும் பயிரிடப்படாத நிலத்தையும், லயத்தில் வாழும் பெண் அன்றைய அடுப்புக்குரிய விறகையும் காண்கின்றனர். இலங்கையின் மத்திய மலைநாட்டில் அரசுடைமையான காடுகளின் வரலாறு, இந்நோக்குகளுள் எது எக்காலத்தில் வலிமை பெற்றது என்பதன் வரலாறேயாகும்.

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்ட பின்னர், 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் இவ்வரலாற்றின் தொடக்கமாயிற்று. காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் ஆகியன, மறுதலையாக நிறுவப்படும் வரை, முடிக்குரியனவெனக் கொள்ளப்படும் என இச்சட்டம் விதித்தது. உறுதி எழுதி வைத்திராத கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகத் துய்த்துவந்த காட்டுரிமை இதனால் ஆட்டங்கண்டது. 1844 வரை ஏக்கர் ஒன்று ஐந்து சிலிங் விலைக்கே கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. சரிவிலுள்ள மரங்களைப் பாதி வெட்டிவிட்டு, உச்சியிலுள்ளவற்றை முழுமையாக வீழ்த்தினால், அவற்றின் பாரத்தால் மலைச்சரிவு முழுவதும் ஒருங்கே சரியும். பின்னர் எஞ்சியதற்குத் தீயிடுவர். மரம் அக்காலத்தில் செல்வமாகவன்றி இடையூறாகவே கருதப்பட்டது என்பதற்கு இம்முறையே சான்றாகும். 1870களின் இறுதியில் கோப்பி ஏறத்தாழ 275,000 ஏக்கரில் பரவியிருந்தது.

இவ்வழிவின் நடுவே எழுந்த முதலாவது எச்சரிக்கைகளுள் ஒன்று 1873 இல் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் டால்ரன் ஹூக்கர் கூறிய அறிவுரையாகும். 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழியாது காத்தல் வேண்டும் என அவர் வலியுறுத்தினார். ஆயின், ஒன்று நோக்கத்தக்கது. கோப்பிக்கு உகந்த நிலம் பெரும்பாலும் அவ்வெல்லைக்குக் கீழேயே இருந்தது. எனவே, எல்லை வகுக்கப்பட்டபோது தோட்டத்துறை இழந்தது அதிகமில்லை. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்து, ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரவில் தொடங்கிவைத்த தேயிலை அதனிடத்தைப் பிடித்தபோதே நிலைமை மாறியது. உயர்மலைத் தேயிலைக்குச் சுவையும் விலையும் மிகுதி. 6,000 அடிக்கு மேல் அமைந்த நுவரெலியாவைச் சூழ்ந்த தோட்டங்கள், அவ்வெல்லை எங்கும் ஒரே உறுதியுடன் பேணப்படவில்லை என்பதைக் காட்டுகின்றன. ஆயினும் ஹோட்டன் சமவெளியிலும் சிவனொளிபாதமலைச் சாரலிலும் பெருங்காடுகள் எஞ்சின.

காட்டை நிருவகிக்க வேண்டும் என்னும் எண்ணம் 1880களில் உருப்பெற்றது. இந்திய வனசேவையைச் சேர்ந்த வின்சென்ற் 1882 இல் இலங்கைக் காடுகளை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தார். 1885 இல் காட்டுக் கட்டளைச் சட்டமும் 1887 இல் தனித் திணைக்களமும் தோன்றின. ஒதுக்கக் காடு, கிராமக் காடு என இருவகையைச் சட்டம் வகுத்தது. முன்னையது அரசின் தேவைக்கு. பின்னையது கிராமத்தவரின் தேவைக்கு. 1929 இல் வகுக்கப்பட்ட காட்டுக் கொள்கை மரத்திலும் விறகிலும் நாடு தன்னிறைவடைதலையே முதன்மையாகக் கொண்டது. எனினும் முதிரை, கருங்காலி போன்ற விலைமதிப்புள்ள மரங்கள் வரண்ட வலயத்துக்குரியன. காற்றும் குளிரும் குறுக்கிய மலையுச்சிக் காடுகள் அத்துணை வைரமரம் தருவனவல்ல. ஆதலால் மலைநாட்டின் மரத்தேவைக்குப் புல்வெளிகளிலும் தோட்டங்களிலும் யூக்கலிப்டஸ் நடப்பட்டது. புகையிரதப் பாதையின் சிலிப்பர்க் கட்டைகளும் மின்கம்பங்களும் இவ்வந்நிய மரத்திலிருந்தே பெரிதும் பெறப்பட்டன.

1947 ஆகஸ்டின் பெருவெள்ளம் மலைச்சரிவின் மண்ணரிப்பை நாட்டுக்கு உணர்த்தியது. 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1953 ஆம் ஆண்டின் கொள்கை காலநிலை, மண், நீர் ஆகியவற்றின் பேணலை மரத்தினும் முன்னிறுத்தியது. இம்மாற்றத்துக்கு வலுவான பொருளாதாரக் காரணமும் உண்டு. களனி கங்கையின் தலையாறுகளுள் ஒன்றான கெஹெல்கமு ஓயாவின் நீரைக்கொண்டு 1950 இல் லக்ஷபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியிருந்தது. பின்னர் காசல்றீ நீர்த்தேக்கமும் 1969 இல் மவுஸ்ஸாக்கலையும் நிறைவுற்றன. மேட்டுக் காடு அழிந்தால் வண்டல் இறங்கும். வண்டல் இறங்கினால் தேக்கம் தூரும். நின்ற மரம் வீழ்ந்த மரத்தினும் விலையுயர்ந்தது என்பதை மின்சாரமே அரசுக்குக் கற்பித்தது எனலாம்.

இத்தராசின் எந்தத் தட்டிலும் வைக்கப்படாதது தொழிலாளியின் விறகு. 1885 ஆம் ஆண்டின் சட்டம் கிராமத்துக்குக் காடு தந்தது. லயம் கிராமமாகக் கொள்ளப்படவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின் பெருந்தொகையான மலையகத் தமிழர் நாட்டின் குடிகளாகவே கொள்ளப்படவில்லை. கவ்வாத்து மிலாறு அடுப்புக்கு உதவினும், ஒரு மலையில் கவ்வாத்து வெட்டுவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே. எஞ்சிய காலத்தில் காட்டோரமே கதி. அங்கு ஒடிக்கும் கிளை குற்றமாகும். தொழிற்சாலையின் தேவையோ பெரிது. ஒரு கிலோ தேயிலையை உலர்த்த ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை விறகு வேண்டும். 1970களில் எண்ணெய் விலையேறியபின் பல தொழிற்சாலைகள் மீண்டும் விறகையே நாடின. அத்தேவைக்கெனத் தோட்டங்கள் மரம் நட்டன. தொழிலாளியின் அடுப்புக்கென எவரும் திட்டமிட்டு நட்டதாகக் கொள்ளல் அரிது.

1956 இல் நாட்டின் நிலப்பரப்பில் 44 வீதமாயிருந்த காடு, 1992 இல் அடர்காடாக 23.9 வீதமே எஞ்சியது. 1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் தடைசெய்யப்பட்டது. 2010 இல் சிவனொளிபாதமலைக் காடும் ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் உலக மரபுரிமையாயின. இவை போற்றத்தக்கனவே. ஆனால், தடை மரத்தின் தேவையைக் குறைப்பதில்லை. அதனை வேறிடத்துக்கு மாற்றுகின்றது. வீட்டுத் தோட்டங்களும் நடப்பட்ட காடுகளும் தேயிலைத் தோட்டத்து மரங்களும் இன்று அச்சுமையைத் தாங்குகின்றன. செங்குத்தான சரிவில் நிற்கும் யூக்கலிப்டஸ் ஒருசேர வெட்டப்படுமாயின், கோப்பிக் காலத்துச் சரிவே மீண்டும் தோன்றும். அதன் அடியில் இருப்பவை பெரும்பாலும் லயங்களாகும்.

சமநிலை என்பது மரத்துக்கும் நீருக்கும் இடையே மட்டும் நிறுவப்படுவதன்று. 1840 இல் கிராமத்தவரைக் கேளாது வகுக்கப்பட்டது ஒரு கணக்கு. அதன்பின் தோட்டத்தவரைக் கேளாது வகுக்கப்பட்டன பல. மலையைச் சுமந்தவர்களின் விறகும் வாழிடமும் அக்கணக்கில் இடம்பெறும் நாளிலேயே இக்காடுகள் உண்மையில் பொதுக் காடுகளாகும்.