வாக்குறுதியின் இடமாற்றம்: சென்டினல் திட்டமும் மரபுவழித் திட்ட மேலாளரும்

மென்பொருளைச் சிறு சுழற்சிகளில் உருவாக்கும் அஜைல் முறைக்கு மாறும் நிறுவனங்கள் திட்ட மேலாளருக்கு முதலில் கொடுப்பது ஒரு புதிய பதவிப் பெயரை. நேற்றுவரை திட்ட மேலாளராக இருந்தவர் இரண்டு நாள் பயிற்சிக்குப் பின் ஸ்க்ரம் மாஸ்டர் ஆகிறார். அதன் பிறகும் காலைக் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். அஜைல் வடிவங்களுள் ஒன்றான ஸ்க்ரமின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி பிராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள் என மூன்று பொறுப்புகளையே சொல்கிறது. திட்ட மேலாளர் அதில் இல்லை. இதைக் கொண்டு அந்தத் தொழிலுக்கே இனி இடமில்லை என்று முடிவுகட்டுவோர் உண்டு. அம்முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். மேலாளர் கைவிட வேண்டியது வேலைப் பங்கீட்டையும் சதவிகிதக் கணக்கையும். குழுவுக்கு வெளியே கிடக்கும் சார்புகளை முன்கூட்டியே காணும் திறன் முன்பைவிட இப்போது கூடுதலாகத் தேவைப்படுகிறது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் சென்டினல் திட்டம் இரண்டுக்கும் சான்று தருகிறது.

காகிதக் கோப்புகளில் கிடந்த வழக்கு விவரங்களைக் கணினிக்கு மாற்ற எஃப்.பி.ஐ. 2001-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. விர்ச்சுவல் கேஸ் ஃபைல் என்ற அந்த மென்பொருளின் தேவைப் பட்டியலே 800 பக்கங்களைத் தாண்டியது. ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான பிறகு 2005-இல் அது கைவிடப்பட்டது. அடுத்து வந்ததே சென்டினல். 2006 மார்ச்சில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வழங்கப்பட்டது; நான்கு கட்டங்கள், 2009 இறுதிக்குள் முழுப் பணியும் முடிய வேண்டும் என்பது திட்டம். முந்தைய தோல்வியிலிருந்து பாடம் கற்றுத்தான் வேலையைக் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஆனால் முதல் கட்டம் புலனாய்வாளர்களின் கைக்கு வர 2007 ஜூன் ஆயிற்று. ஒரு தவறான ஊகம் வெளிப்பட ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால், பிரித்ததன் பயன் பெரும்பாலும் போய்விடுகிறது.

2010 ஆகஸ்ட் நிலவரத்தை நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் தணிக்கை செய்தது. 45.1 கோடி டாலர் ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 40.5 கோடி செலவாகியிருந்தது. நான்கில் இரண்டு கட்டங்களே பயனர்களை எட்டியிருந்தன. அதே வழியில் தொடர்ந்தால் இன்னும் ஆறு ஆண்டுகளும் 35.1 கோடி டாலரும் ஆகலாம் என்று மைட்டர் என்ற ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. பணத்தில் பத்தில் ஒன்பது பங்கு போனது. வேலை எவ்வளவு முடிந்தது என்பதற்கு நம்பத்தக்க பதில் இல்லை. மரபுவழி மேலாண்மையின் அடிப்படைப் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. திட்ட அட்டவணை செய்யப்பட்ட செயல்களை எண்ணுகிறது. பயன்படுத்தத்தக்க பொருளை எண்ணுவதில்லை.

அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரி சாட் ஃபுல்காம் பணியை எஃப்.பி.ஐ.க்குள்ளேயே கொண்டுவந்தார். குழு வெகுவாகச் சுருங்கியது. எஞ்சிய தேவைகள் 670 பயனர் கதைகளாக எழுதப்பட்டன. இரண்டு வாரம் கொண்ட 21 ஸ்பிரிண்ட்கள் திட்டமிடப்பட்டன. ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் ஓடும் மென்பொருளைக் காட்ட வேண்டும். ஒரு கதை ஒப்புக்கொண்ட அளவுகோல்களை நிறைவு செய்தால் முடிந்தது, இல்லையேல் முடியவில்லை. ‘90 சதவிகிதம் ஆகிவிட்டது’ என்ற பழகிய பதிலுக்கு அங்கே இடமில்லை. 2012 ஜூலை 1 அன்று சென்டினல் அமைப்பு முழுவதும் பயன்பாட்டுக்கு வந்தது.

அஜைலின் வெற்றிக் கதையாக இது அடிக்கடி சொல்லப்படுகிறது. வெற்றிதான், ஐயமில்லை. ஆனால் சொல்லும்போது பலர் நடுவில் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள். புதிய திட்டப்படி பணி 2011 செப்டம்பரில் முடிந்திருக்க வேண்டும். அக்டோபரில் 700-க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் பயன்படுத்திப் பார்த்த சோதனையில் அமைப்பு இருமுறை செயலிழந்தது. இருந்த வன்பொருள் போதாது, விரிவாக்கினால்தான் எல்லோருக்கும் தர முடியும் என்று அப்போதுதான் முடிவாயிற்று. தாமதத்துக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். எனினும் ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் கதைகள் ஒழுங்காக முடிந்துவந்த காலத்தில், அந்தக் கதைகளுக்குள் அடங்காத ஒரு தேவை கவனிப்பாரின்றிக் கிடந்திருக்கிறது.

சர்வர் வாங்க எவ்வளவு நாள் ஆகும், பாதுகாப்பு ஒப்புதலை யார் தர வேண்டும், பயிற்சி எப்போது தொடங்க வேண்டும், பழைய அமைப்பிலிருக்கும் தரவை எந்த வாரம் நகர்த்துவது? இவை பேக்லாக் எனப்படும் எந்த வேலைப் பட்டியலிலும் தாமாக வந்து உட்காரா. 1950-களின் இறுதியில் உருவான முக்கியப் பாதை முறையைக் கற்றுத் தேர்ந்த ஒருவர் இயல்பாகக் கேட்கும் கேள்விகள் இவை. கொள்முதலை இரண்டு வாரச் சுழற்சியில் அடைக்க முடியாது. நீண்ட முன்னேற்பாடு வேண்டிய இத்தகைய வேலைகளைப் பட்டியலிட்டுத் துரத்துவதுதான், அஜைல் சூழலில் மரபுவழி மேலாளரின் முதன்மைப் பணியாக வேண்டும். ஸ்க்ரம் மாஸ்டர் ஆவதைவிட இதுவே அவருக்குத் தகுந்த மாற்றம் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது முன்கணிப்பு. தேதியே சொல்ல மாட்டோம் என்று சில அஜைல் குழுக்கள் கூறுகின்றன. பணம் தருவோர் அதை ஏற்பதில்லை, ஏற்க வேண்டியதுமில்லை. 300 புள்ளி அளவுள்ள வேலை எஞ்சியிருக்கிறது, இரண்டு வார ஸ்பிரிண்ட் ஒவ்வொன்றிலும் குழு இதுவரை 20 முதல் 30 புள்ளிகள்வரை முடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 10 முதல் 15 ஸ்பிரிண்ட்கள், அதாவது 20 முதல் 30 வாரங்கள் ஆகும். மேலாளர் அந்த வீச்சையே மேலிடத்தில் வைக்க வேண்டும். ஒற்றைத் தேதிக்காக அவர்கள் வற்புறுத்தினால், எந்தக் கதைகளை விட்டால் எந்தத் தேதி கிடைக்கும் என்று காட்ட வேண்டும். முன்பு அவர் வேலையின் எல்லைக்கு வாக்குக் கொடுத்துத் தேதியைத் தள்ளினார். இப்போது தேதிக்கும் செலவுக்கும் வாக்குக் கொடுத்து எல்லையைப் பேசித் தீர்க்கிறார். இந்த இடமாற்றத்தைச் செய்யாதவரை, ஒட்டும் சீட்டுகளும் காலைக் கூட்டங்களும் பழைய முறையின் மேல் பூசிய புதுவண்ணமே.

இந்த இடமாற்றம் நிகழாததை மேலாளரின் மனப்பான்மைச் சிக்கலாக மட்டும் பார்ப்பது நியாயமல்ல. படிப்படியாக இறங்கும் மேம்பாட்டு முறையை வரைபடமாக்கியதாகப் பேசப்படும் வின்ஸ்டன் ராய்ஸ், 1970-இல் அதே கட்டுரையில் அம்முறை அபாயகரமானது என்று எச்சரித்தார். முதலில் ஒரு முன்னோட்டப் பதிப்பைச் செய்து பார்க்கவும் பரிந்துரைத்தார். எச்சரிக்கை மறந்துபோய் வரைபடம் மட்டும் நிலைத்தது. தொடக்கத்திலேயே முழு விலையும் முழுப் பட்டியலும் கேட்கும் ஒப்பந்தங்களுக்கு அந்த வரைபடம் வசதியாக இருந்தது என்பதே அதற்குக் காரணம் என்று கருதுகிறேன். சென்டினலிலும் ஒப்பந்த உறவை மாற்றிய பிறகே முறை மாறியது. அத்தகைய முடிவெடுக்கும் அதிகாரம் சாதாரணத் திட்ட மேலாளருக்குக் கிடையாது. அதைக் கொடுக்காமல் ‘அஜைலாகச் சிந்தியுங்கள்’ என்று அவரிடம் சொல்வது பொறுப்பைக் கீழே தள்ளுவதாகும்.

ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரே குழு, வெளிச் சார்பு இல்லாத ஒரே பொருள் என்றால் தனித் திட்ட மேலாளர் வேண்டியதில்லை; இதை ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டாம். பெரிய அமைப்புகளின் நிலை வேறு. அங்கே வெளியீட்டுக்குப் பிறகும் பணி இருக்கிறது. சென்டினலைப் பயன்படுத்தியோரின் அனுபவத்தை 2014-இல் அதே தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தது. மொத்தத்தில் வேலைக்கு நன்மையே விளைந்தது என்று பெரும்பாலோர் கருதினர். தேடல் வசதியில் மட்டும் பலருக்கு நிறைவில்லை. வழக்கு விவரங்களைத் தேடி எடுப்பதற்காகவே கட்டப்பட்ட ஓர் அமைப்பில் இது சிறு குறையல்ல.